ஈஸ்ட் போடும் கூச்சல்

அன்று காலையும் நான்தான் காபி போட்டேன். ரொட்டியில் பழுப்புச் சீஸ் சீவி வைத்தேன். மாரிட் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சக் கொட்டகைக்குப் போனாள்.

நான் முற்றத்தில் விறகு பிளந்தேன். பக்கத்துப் பண்ணை ஒட்வார் அடுக்கித் தந்தார்.

நார்வேயில் எங்கள் பக்கம், பீரில் ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தல் எவ்வளவோ, காட்டமும் அவ்வளவு.

மதியத்துக்கு மேல் கொட்டகையிலிருந்து மாரிட் கத்தினாள்.

"போட்டுட்டா!" என்றார் ஒட்வார். "போன வருஷம் உன் பொண்டாட்டி பூனை மாதிரி கத்தினா. பீரும் பச்சைத் தண்ணி. நல்லாக் கத்தச் சொல்லுய்யா, எஸ்பென்."

"மாரிட், இன்னும் சத்தமா!" என்று குரல் கொடுத்தேன்.

மறுபடி கத்தினாள், நீளமாக.

"அடேயப்பா! இந்தத் தடவை குடிச்சவன் எவனும் வீடு போய்ச் சேரமாட்டான்."

இருவரும் சிரித்தோம். பதிலுக்கு நாங்களும் ஊளையிட்டோம். பிறகு சத்தம் இல்லை. மிச்ச விறகையும் அடுக்கி முடித்து, அவளைப் பாராட்டப் போனோம்.

கதவின் அடியில், பீருக்காகக் கொதிக்க வைத்த மால்ட் சாறு ஆவி பறக்க வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அண்டா கவிழ்ந்து கிடந்தது. அதனருகே மாரிட், கழுத்துவரை வெந்து கிடந்தாள்.

ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதுவரை அவள் தலை என் மடியில் இருந்தது. ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"சாறு இன்னும் ஆறக்கூட இல்லியே, எஸ்பென். நான் ஈஸ்ட்டே போடலியே."