ஏழாம் கூண்டுக்குப் பட்ட கண்

“மூணு நாளா ஒரு வாய் சாப்பிடலைங்க சார். என்ன போட்டாலும் மூஞ்சியத் திருப்பிக்குதுங்க!” ரோவில் என்ற புறநகரில், தன் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து புலம்பினான் பழனிசாமி.

நியாயமான புலம்பல்தான். டாஸ்மேனியாவுக்கு மேற்கே, மனித வாடையே படாத சுத்தமான கடலில், ஏழாம் கூண்டின் நாற்பதாயிரம் ட்ரவுட் மீன்களும் உண்ணாவிரதம் இருந்தன. இங்கிருந்தபடியே கேமராவில் பார்த்து, பொத்தானை அழுத்தி அவற்றுக்குத் தீனி போடுவதுதான் முட்டைகூடத் தொடாத பழனிசாமியின் பிழைப்பு.

“தண்ணி சரி, ஒட்சிசன் சரி. அப்ப பிழை உம்மிலதான்,” என்றார் திரையில் தெரிந்த மேலாளர் டெஸ்மன்ட், இலங்கைத் தமிழர். அளந்து காட்டாத எதையும் நம்பாத மனிதர். “பின்னேரத்துக்குள்ள அதுகள் சாப்பிடேல்லையெண்டால் வேற ஆளைத்தான் போடவேணும்.”

அவர் முகம் மறைந்தது. மூலையில் பெயர் மட்டும் நின்றது. பழனிசாமியின் விசாவே இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மனைவி கல்யாணி திரையை எட்டிப் பார்த்தாள். “எப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்க! கண்ணு பட்டிருக்கும். சுத்திப் போட்டாச் சரியாயிடும்.”

“அடியேய், நான் எம்.டெக். படிச்சவன்! ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்.”

அவள் கேட்டால்தானே! உப்பையும் காய்ந்த மிளகாயையும் அள்ளிவந்து திரையை மூன்று சுற்றுச் சுற்றினாள். “ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, சீல் கண்ணு, சுறாக் கண்ணு எல்லாம் போகட்டும். என் ராசாக்கள் நூறு வயசு வாழணும்!”

அடுத்த மாதம் அறுவடை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“ம், இதுல மூணு தடவை துப்புங்க.”

“நானா?”

“பின்னே, மீனா துப்பும்? சோறு போடுறவர் நீங்கதானே!”

வேலை போய்விடுமே என்ற பயத்தில் துப்பினான். அதே கையோடு பொத்தானையும் அழுத்தினான்.

தீனி விழுந்ததுதான் தாமதம், கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பது போல நாற்பதாயிரமும் பாய்ந்தன! பழனிசாமி துள்ளிய துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது.

அப்போது கணினிக்குள் யாரோ கனைத்தார்கள். டெஸ்மன்ட்! மனிதர் போகவே இல்லை. துப்பியது வரைக்கும் பார்த்திருக்கிறார்.

“சார்... அது வந்து...”

“நீர் பேசாமல் இரும். தங்கச்சி, உங்களிட்டக் கிடக்கிற செத்தல் மிளகாய் மற்றப் பதினொரு கூண்டுக்கும் போதுமோ?”