ஞானப்பிரகாசத்துக்கு ஏற்ற எதிராளி

பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்த பிறகும் ஞானப்பிரகாசத்துக்குக் குத்துச்சண்டைப் பித்து தெளியவில்லை. தினமும் சாயங்காலம் மகள் ரெஜினா அவருக்கு அந்தச் சட்டையை மாட்டிவிடுவாள். எந்தக் காலத்து ஹெவிவெயிட் வீரனையும், பழைய போட்டோ இருந்தால் வேறு யாரையும்கூட, எவனோடு வேண்டுமானாலும் திரையில் மோதவிடலாம். யார் பக்கம் என்று சொல்லிவிட்டால், அவன் வாங்குகிற குத்தெல்லாம் சட்டைக்குள்ளும் விழும். அவர் எப்போதும் ஜெயிக்கிறவன் பக்கம்தான்.

"இன்னிக்கு என்னியே போடும்மா. இருபத்தஞ்சு வயசு ஞானப்பிரகாசம். எட்ட நின்னு ஆடுறவனோ, உள்ள பூந்து அடிக்கிறவனோ, எவனா இருந்தாலும் மூணு ரவுண்டு தாங்க மாட்டான்."

"எதிராளிய நான் போடறேன் நைனா" என்று ரெஜினா சட்டையின் முதுகுப்பட்டையை இறுக்கினாள்.

திரையில் அவருடைய வாலிபம் தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. எதிரே நின்ற உருவம் அவர் மார்பு உயரம்கூட இல்லை. கையை ஓங்கவே இல்லை. இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கியது.

"இன்னா ஸ்டைலு இது?" என்று சிரித்தார்.

"அம்மாவோடது. இன்னிக்கு நீ அவங்க பக்கம்."

உணர்ச்சி மிச்சமிருந்த இடது விலாவில் முதல் குத்து இறங்கியது.

"போதும்மா, நிறுத்து."

ரெஜினா எழுந்துபோய், அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி அந்நாளில் அவர் செய்வதைப்போலவே, ரேடியோவில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.