பிழைத்த குட்டி

மூன்று நாய்க்குட்டிகளுக்கும் வாந்திபேதி. முதலாவது என் செருப்பின் மேல் தலைவைத்துச் செத்தது.

"உனக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கிச்சு. நன்றி சொல்லிப் புதைப்பா" என்றாள் அடுத்த வீட்டு ஆலிங் பெசிங். எங்கள் பத்தங்காஸ் பக்கம் எல்லோரும் சொல்வதுதான்.

மறுநாள் இரண்டாவது, மனைவி லிகாயாவின் செருப்பில். அவளும் நன்றி சொன்னாள்.

மூன்றாவது, மகள் ஜெரலினின் செருப்பில் சுருண்டு கிடந்தது. அதையும் சாகவிட மனமில்லை. மருத்துவரிடம் தூக்கிப்போய் ஊசி போட்டோம், கஞ்சி புகட்டினோம். இன்று காலை எழுந்து வாலாட்டியது.

"பொழைச்சிருச்சு" என்றேன்.

ஆலிங் பெசிங் சிரிக்கவில்லை. "பொண்ணு எங்க?"

குட்டி அந்தச் செருப்பைக் கவ்விக்கொண்டுபோய் மகளின் அறை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியது. பள்ளிக்கூட நேரமாகியும் கதவு திறக்கவில்லை.