சீப்பில் வந்த முடி

மாசாணியம்மாள் சீப்பை வெயிலுக்குக் காட்டினாள்.

"பாருங்க. நேத்தைக்கு இன்னைக்கு அதிகமுங்க."

அவள் புருஷன் ஆறுச்சாமி பார்த்தான். பல்லிடுக்கில் கொத்தாக முடி. அவனுக்கு மனம் லேசாயிற்று.

வாசலில் அடுப்பெரிக்க அடுக்கிய பருத்திமார்ப் போருக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு அவனை உட்கார வைத்திருந்தாள். தினமும் காலையில் பின்னால் நின்று அவன் குடுமியை அவிழ்த்துச் சீவுவாள். அவிழ்த்தால் தோளைத் தொடும், அவ்வளவுதான்.

காதுக்கு மேல் தோல் சிவந்து காந்தியது. அங்கே கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னாள். எண்ணெயும் கூடாது. சனிக்கிழமைக் குளியல் நின்றுபோனது. தலை தேங்காய் நார் மாதிரி வறண்டு கிடந்தது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூளையில் புற்று என்றார்கள். மேஜையில் படுக்க வைத்து, பெரிய இயந்திரத்தைக் காதுக்கு நேரே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். சுடாது. வலிக்காது. வார்டில் எல்லோரும் அதைக் கரண்டு என்றார்கள்.

சோர்வு வரும், வாந்தி வரும், முடி கொட்டும், எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்றார் டாக்டர். சோர்வு வந்தது. குடித்த கூழ் வயிற்றில் தங்கவில்லை. முடி மட்டும் அசையவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பெருந்துறை அங்கப்பன் இருந்தான். அவனுக்குக் காதோரம் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அதைத் தட்டிக் காட்டிச் சிரிப்பான்.

"மேல இருக்கறது உழுந்தாத்தானப்பா உள்ள இருக்கறது உழுகும். உனக்குக் கரண்டு தோலோட நின்னுபோச்சாட்ட இருக்குது."

ஆறுச்சாமி அதை நம்பினான். பருத்திக்கு மருந்தடித்தால் மறுநாள் புழு உதிர்ந்து கிடக்கும். உதிராவிட்டால் மருந்து பிடிக்கவில்லை. காட்டு வேலையில் அவன் கண்டது அது.

ஒரு நாள் டாக்டர் மாசாணியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்தவள், கரண்டு வைத்தது போதுமாம், ஊருக்குப் போகலாம் என்றாள். அங்கப்பன் அவனுக்கு முன்பே வந்தவன். அவனுக்கு இன்னும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வந்தும் ஆறுச்சாமி சரியாகத் தூங்கவில்லை. முடி கொட்டலியே, கொட்டலியே என்று புலம்பினான்.

பிறகு ஒரு காலையில் சீப்பில் முடி வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்தது. அவன் கூழைக் கேட்டு வாங்கிக் குடித்தான். அடுத்த பட்டத்துக்கு எந்தக் காட்டில் என்ன விதைக்கலாம் என்று பேசினான்.

இன்று அவள் முடியைச் சுருட்டி எறியப் போனபோது கையை நீட்டினான்.

"இங்க குடு."

அவள் தயங்கிக் கொடுத்தாள்.

ஒரு முடியை மட்டும் உருவினான். அது விரலில் வழுக்கியது. தேங்காயெண்ணெய் வாசம். கையை முழுசாக நீட்டிய பிறகும் அதன் நுனி மடியில் கிடந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே தரையில் அவள் நிழல் விழுந்திருந்தது. நிழலில் கொண்டை சிறுத்திருந்தது.

"நல்லாக் கொட்டுதுங்கல்ல?" என்றாள்.

"கொட்டுது."

முடியை விரலில் சுற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

"நாளைக்குக் கொஞ்சம் கம்மியாக் கொட்டட்டும், அம்மணி."