பதினொரு பாகை

வீட்டுக்குள் உள்ள எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்தால்தான் காற்றுக் கசிவுச் சோதனை செல்லும் என்று தனுஷிகா இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவளை வரவழைத்திருந்த அன்புராசா சிரித்தார். இந்த மில்லிக்கன் பகுதியில் இவ்வளவு பெரிய வீட்டைச் சூடாக்க இவ்வளவு குறைந்த காஸ் பில் வேறு யாருக்கும் வராது என்றார். வீடு அடுத்த வாரம் விற்பனைக்குப் போகிறது. படங்களோடு, வீடு எவ்வளவு சூட்டைக் காக்கிறது என்று சொல்லும் சக்திச் சான்றிதழின் எண்ணையும் போட்டால் ஆட்கள் விழுந்தடித்து வருவார்கள் என்று ஏஜென்ற் சொல்லியிருக்கிறாராம்.

வெளியே ஜனவரிப் பனி. அவர் கையில்லாத பெனியனோடு நின்றார். வரவேற்பறையில் வனிலா வாசனை மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

முன்வாசலில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பொருத்தியிருந்தாள். அது வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும்போது, எந்த இடுக்கால் குளிர் உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு அறை சாத்திக் கிடந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

சாத்திக் கிடந்தது நிலத்தடி பேஸ்மென்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்து அறை.

முதலில் அது சாமான் அறை என்றார். அவள் கருவிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியதும், உள்ளே ஓராள் இருக்கிறார், அவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லித் திறந்துவிட்டு மேலே போனார்.

ஏழு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அணில் செத்துக் காய்ந்து கிடந்த கூரைகளுக்குள் தவழ்ந்திருக்கிறாள். கழிவுநீர் ஏறிய தரைகளில் முழங்கால் ஊன்றியிருக்கிறாள். மணத்துக்கெல்லாம் அவளுக்குக் குமட்டுவதில்லை.

இங்கேயும் மணம் இருந்தது. ஈரம் ஊறிய கார்ப்பெற், பூஞ்சணம், கட்டிலடியில் மூடிவைத்த வாளி.

கட்டிலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தடித்த ஜாக்கெற்றும் கம்பளித் தொப்பியுமாக, கைகளைத் தொடைகளுக்கு இடையில் செருகிக்கொண்டு இருந்தார்.

வெப்பமானியைப் பார்த்தாள். பதினொரு பாகை. மேலே இருபத்துமூன்று.

அவளுக்குக் குமட்டியது சீலிங்கைப் பார்த்தபோதுதான். ஃபேர்னஸின் சூடு வரவேண்டிய துவாரத்தை ஒரு தகரத்தால் மூடி, நான்கு மூலையிலும் ஸ்குரூ முடுக்கி, சீலிங்கின் வெள்ளையிலேயே பெயின்ற் அடித்திருந்தார்கள். ஒரு தூரிகைக் கோடுகூட வெளியே போகவில்லை. எவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

மேலே வந்து விசிறியை ஓடவிட்டாள். எண்களைக் குறித்தாள். நல்ல எண்.

சான்றிதழ்க் கணக்கு வீடு முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். இந்த அறையின் குளிர் அதில் எங்கேயும் தெரியாது. அந்த நல்ல எண்ணுக்குக் கீழே வரப்போவது அவள் பெயர்.

அவள் மறுபடி கீழே இறங்கியபோது, மேலே அன்புராசா அந்த எண்ணை ஏஜென்றுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு படிவழியே இறங்கி வந்தது.

சோதனைக்காக நிறுத்தியிருந்த ஃபேர்னஸை மறுபடி போட்டுவிட்டு, ஒரு கதிரையில் ஏறி நான்கு ஸ்குரூவையும் கழற்றினாள். தகரத்துக்குப் பின்னால் ஒரு துவாய்த் துணியையும் திணித்து வைத்திருந்தார்கள். பிடித்து இழுத்தாள்.

சூடு இறங்கியது. அந்த மனிதர் எழும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, துவாரத்துக்கு நேர் கீழே நின்றார். கண்களை மூடிக்கொண்டார்.

குளிரில் விடப்பட்ட வாடகைக் குடியிருப்பாளர்கள் முறையிடுவதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதை எழுதிக் கொடுப்போம் என்று தனுஷிகா பேனையை எடுத்தாள்.

“அங்கிள், மாசம் எவ்வளவு வாடகை குடுக்கிறியள்?”

அவர் கண்களைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“என்ர வீட்டுக்கு என்ன வாடகை, பிள்ளை? மேல நிக்கிற உவன் என்ர தம்பியெல்லோ. நீரும் கடுதாசியில கையெழுத்து வாங்கத்தான் வந்தனீரோ?”

சொல்லிக்கொண்டே பேனைக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மேலே என்ன நடக்கிறது என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

வீடு விற்பனைக்குப் போகிறது என்பது அதன் சொந்தக்காரர் ஜெயரட்ணத்துக்கு அப்போதுதான் தெரியவந்தது.