குறியில்லாத குமிழ்

மாலை வெயில் வடிவமைப்பாளரின் அறையில் சாய்ந்து விழுகிறது. அவர் வடிவமைத்த கேஸ் அடுப்பு வெள்ளைவெளேரென்று மின்னுகிறது. குமிழில் ஒரு கோடில்லை, எழுத்தில்லை. சுவரில் நூறு வருடப் பழைய கெண்டியின் படம். பொருள்களில் அலங்காரமே கூடாது என்ற வடிவமைப்பு இயக்கத்தினர் செய்த கெண்டி அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் எல்லாக் குறிகளையும் அழித்தார். டீ போட வந்த அக்கா குமிழை முன்னும் பின்னும் திருகுகிறாள். தீ பற்றவில்லை; கேஸ் சீறுகிறது.

"தம்பி, எந்தப் பக்கம் திருப்பினா நிக்கும்?"

"இடது பக்கம்க்கா... இல்ல, இருங்க."

அவரே திருகுகிறார். சீறல் கூடுகிறது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறாள். கீழே, இதே அடுப்புகளை ஏற்றிய முதல் லாரி வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.