குறட்டைத் திருடி

சோபாவில் மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சோபாவுக்கு அடியில் மல்லாந்து படுத்து, அவருடைய மைத்துனி அதைத் திருடிக்கொண்டிருந்தாள்.

கையில் மைக். காதில் ஹெட்போன். சிரிப்பு வெளியே வந்துவிடாமல் இருக்க வாய் நிறைய துப்பட்டா. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

கேட்காமல் ஒருத்தர் குறட்டையை எடுப்பது தப்புதான். ஆனால் சற்று முன்னால் அவர் பேசிய பேச்சுக்கு இது போதாது என்றுதான் அவளுக்குப் பட்டது.

"விளையாட்டுக்குச் சத்தம் போடறதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஆரம்பித்தார். "பொம்மைக் கம்பெனியில புருவம் வரைஞ்சே. செருப்புக் கடை வாசல்ல கரடி வேஷம் போட்டே. லிஃப்ட்டுக்குள்ள 'கதவு மூடுகிறது'ன்னு பேசினே. இப்போ டிராகனாம்!"

"லிஃப்ட் வேலையைக் குறை சொல்லாதீங்க மாமா. நான் ஒரு வார்த்தை சொன்னா அத்தனை பேரும் உள்ள தள்ளி நிப்பாங்க."

"வாய் மட்டும் இல்லேன்னா..."

"நீங்க போஸ்ட் ஆபீஸ்ல நாள் முழுக்க டொக்கு டொக்குன்னு முத்திரை குத்தறீங்களே, அது மட்டும் சத்தம் இல்லையா?"

மாமா முறைத்தார்.

வேலை தேடி அக்கா வீட்டுக்கு அவள் வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். அது என்ன லேசுப்பட்ட இடமா? புல் வரைய ஒருத்தர். அந்தப் புல்லை ஆட்டிவைக்க இன்னொருத்தர். நாள் முழுக்கக் கேமுக்குள் சுவரில் போய் முட்டிக்கொண்டு, சுவர் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கவே ஒருத்தருக்குச் சம்பளம்! சுற்றிப் பார்த்த அன்றே வாலுவுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இங்கே வேலை கிடைக்காவிட்டால் செத்தே போய்விடுவேன் என்று அக்காவிடம் சொன்னாள்.

அவளுக்கு வைத்த பரீட்சை, குகைக்குள் டிராகன் தூங்கும் சத்தம். திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். தேறினால் வேலை. தேறாவிட்டால், மாமா தன் சிநேகிதரிடம் சொல்லி வைத்திருந்த கூரியர் ஆபீஸில் பில் போடப் போக வேண்டும்.

வாளிக்குள் தலையை விட்டு உறுமினாள். கட்டிலைத் தரதரவென்று இழுத்தாள். எதைச் செய்தாலும் சளி பிடித்த பூனைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிநேகிதிக்குப் போன் போட்டு அழுதேவிட்டாள். "பெரிய உடம்புடி. அடைச்ச மூக்கு. மூச்சு உள்ள போறப்போ உறுமல், வெளிய வர்றப்போ விசில். நான் எங்கேடி போவேன்?"

அப்போதுதான் மாமா அந்தப் பேச்செல்லாம் பேசினார். "போதும், நாளைக்குக் கூரியர் ஆபீஸுக்குக் கிளம்பற வழியைப் பாரு. மனுஷன் கொஞ்சம் கண்ணசரணும்" என்று செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வந்தது பாருங்கள் ஒரு குறட்டை! உள்ளே உறுமல், வெளியே விசில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா மருந்துக் கடை வேலைக்குப் போயிருந்தாள். வாலு சோபாவுக்கு அடியில் புகுந்துவிட்டாள். நடுவில் மைக் வயர் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, அவள் அதைப் பிரித்து முடிக்கும்வரை குறட்டையும் நின்றிருந்தது.

மறுநாள் கம்பெனியில் சவுண்ட் மேடம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. "என்ன மிருகம் இது?"

"ரொம்பக் கோபக்கார மிருகம் மேடம். எங்க அக்காதான் வளக்கறா."

வேலை கிடைத்துவிட்டது! அந்தக் கட்டிட லிஃப்ட்டில் யாரும் இல்லாததால் தரைத்தளம்வரை ஆடிக்கொண்டே இறங்கினாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. "சம்பளம் பஸ்சுக்காவது ஆகுமா?" என்றார். அன்பே இல்லாத மனுஷன் என்று வாலு முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரமே அடுத்த வேலை வந்தது. அதே டிராகன் சாக வேண்டுமாம்.

மறு ஞாயிறு, மாமா செய்தித்தாளோடு சாய்ந்ததும் வாலு சோபாவுக்கு அடியில் புகுந்தாள். காத்திருந்தாள். முதுகு வலிக்கும்வரை காத்திருந்தாள். மேலே ஒரு சத்தமும் இல்லை.

தவழ்ந்து வெளியே வந்தபோது, லீவில் வீட்டில் இருந்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே அங்கே?"

"சத்தம் போடாதே. மாமா குறட்டைக்காகப் படுத்திருக்கேன். போன வாரம் அவர் குறட்டையாலதான் வேலையே கிடைச்சுது. இப்போ டிராகன் சாகணும், மனுஷன் மூச்சே விடமாட்டேங்கறார்."

"குறட்டையா? இவரா?" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போன வருஷம் மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதுலேர்ந்து குறட்டைங்கற பேச்சே கிடையாது. மூச்சு இருக்கான்னு நானே எழுந்து எழுந்து பாக்கறேன்!"

வாலு சோபாவைப் பார்த்தாள். உறுமலும் விசிலும் போனில் அவள் சொன்னது சொன்னபடி வந்தது ஞாபகம் வந்தது. அவள் வயர் பிரிக்கும்வரை குறட்டை காத்திருந்ததும் ஞாபகம் வந்தது.

"மாமா..." என்றாள்.

செய்தித்தாள் லேசாக அசைந்தது.

"சட்டுனு சாகுமா, இழுத்துக்கிட்டுக் கிடக்குமா? அதைச் சொன்னாத்தானே நான் ஆரம்பிக்க முடியும்!"